ஊர் அறுப்பு வேண்டாம் என்றவள்

தோரா ஹாகனின் புருஷன் செல்மர் ஜூலை மாதத்தில் செத்துப்போனார். அந்தத் துக்கத்தையாவது அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய சங்கடம், அடுத்த மாதமே ஊர் மொத்தமும் அவளுக்கு உதவி செய்யக் கிளம்பியதுதான்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். அறுப்புக் காலத்தில் ஒரு விவசாயி செத்தாலோ படுத்துவிட்டாலோ, அக்கம்பக்கத்து ஆண்கள் தங்கள் கோதுமையை அப்படியே நிற்கவிட்டு, அறுப்பு மிஷின்களை ஓட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் மொத்த வயலும் அறுத்துத் தகரக் குதிர்களில் கொட்டியாகிவிடும். பெண்கள் சமையலைப் பார்த்துக்கொள்வார்கள். ஒருவரும் கூலி வாங்க மாட்டார்கள். நன்றி சொன்னால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு மழை வருமா வராதா என்று பேசுவார்கள். நல்ல ஜனங்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஆனால் அந்த நல்ல காரியத்துக்கு ஒரு வால் உண்டு. ஊர் அறுப்பு நடந்த வீட்டில் விதவை அப்புறம் இருப்பதில்லை. நிலத்தைப் பக்கத்து விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவாள். டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரே மாதிரி வெள்ளையடித்த சின்ன வீடுகள் வரிசையாக இருக்கின்றனவே, அதில் ஒன்றுக்குக் குடிபோவாள். ஜன்னலில் பூச்செடி வைப்பாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி ஊற்றுவாள். போ என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இதுவரை வந்ததில்லை.

தோராவுக்குப் போக மனசில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை வெளியே சொல்லவும் முடியாது. செல்மருக்கு நெஞ்சு பலவீனப்பட்டுப் பல வருஷமாகியிருந்தது. அத்தனை வருஷமும் உழுதது, விதைத்தது, அறுத்தது எல்லாம் அவள்தான். சாலையோரத்து வயலில் வேலை இருந்தால் செல்மரின் நீல உடுப்பையும் தொப்பியையும் மாட்டி, மூக்குவரை கைக்குட்டை கட்டிக்கொள்வாள். கூரையில்லாத மிஷினில் புழுதிக்கு நடுவே உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? போகிறவர்கள் செல்மர் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் செல்மர் சட்டையெல்லாம் வைக்கோல் தூசியைத் தடவிக்கொண்டு டவுனுக்குப் போவார். தானியக் கிடங்கில் மற்ற ஆண்களோடு உட்கார்ந்து, "இடுப்பே கழண்டு போச்சுப்பா இன்னிக்கு" என்று சொல்லிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டுவார். இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவார்கள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அதுதான் அவர்களுடைய பெரிய கொண்டாட்டம்.

கடைசியில் படுக்கையில் இருந்தபோது செல்மர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் போன பிறகும் யார்கிட்டயும் சொல்லிடாத, தோரா." அவள் தலையாட்டினாள்.

ஆகவே, அடுத்த பண்ணைக்காரர் ஓர்லினின் மனைவி மேவிஸ் போன் செய்தபோது, தோராவிடம் காரணம் இருந்தது, சொல்ல வாய் இல்லை.

"வியாழக்கிழமை, தோரா. ஓர்லின் எல்லார்கிட்டயும் பேசிட்டார். நீ காபி மட்டும் போட்டு வெச்சா போதும், மத்ததெல்லாம் நாங்க கொண்டு வரோம்."

"மேவிஸ், நானே அறுத்துக்கறேன்."

மேவிஸ் சிரித்தாள். பிரியமான சிரிப்புதான். "துக்கத்துல அப்படித்தான் தோணும். எங்கப்பா செத்த வாரம் எங்கம்மா ஏணியை வெச்சுக் கூரைக்குத் தார் பூசப் போனாங்க. பிடிச்சு இறக்க மூணு பேர் வேண்டியிருந்துச்சு. நீ நல்லா தூங்கு. வியாழக்கிழமை பாப்போம்."

தோரா தூங்கவில்லை. புதன்கிழமை காலைப் பனி காய்ந்ததும் மிஷினைக் கிளப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். மிஷின்கள் வரிசையாக, பின்னாலேயே கார்கள், கார்களில் துணி போட்டு மூடிய பாத்திரங்கள். ஓர்லின் முன்னால் வந்தார். வயலில் பாதிக்குமேல் அறுத்துக் கிடந்ததைப் பார்த்ததும், முந்திக்கொண்டு வந்துவிட்டது யார் என்று மற்ற ஆண்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்மரின் நீல உடுப்பில், புழுதியோடு மிஷினிலிருந்து இறங்கி வந்தவளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"தோரா! ஏம்மா இப்படி? நாங்கதான் வரோம்னு சொன்னோமே."

"வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம், ஓர்லின். ஆனா வேண்டாம். மிச்சத்தையும் நானே முடிச்சிடுவேன்."

"அட, பாதி நாள் வேலை. நீ போய் முகத்தைக் கழுவிட்டு உக்காரு."

"வேண்டாம், ஓர்லின்."

பின்னாலிருந்து யாரோ ஒருவர், "செல்மர் உடுப்பு உனக்குத்தான் நல்லா பொருந்துது, தோரா. மீசை ஒண்ணுதான் பாக்கி" என்றார். இறுக்கத்தைத் தளர்த்தத்தான் அவர் அப்படிச் சொன்னது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தோராவுக்கு ஒரு கணம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது. 'இத்தனை வருஷமா நீங்க கையைத் தூக்கினது எனக்குத்தான்' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் செல்மர் மண்ணுக்குள் போய் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காரணம் சொல்லாத மறுப்பு பார்க்கிறவர்களுக்குத் திமிராகத்தான் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அவர்கள் திரும்பிப் போனார்கள். பெண்கள் மட்டும் உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரங்களைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார்கள். கொண்டு வந்த சாப்பாட்டைத் திருப்பி எடுத்துப் போவது எங்கள் பக்கம் கிடையாது. முப்பது பேருக்கு ஆக்கிய கறியையும் உருளைக்கிழங்கையும் ஒற்றை ஆளாக எத்தனை நாள் சாப்பிட முடியும்? தோரா சாப்பிட்டாள். மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டாள். பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த வாரம் அவை அங்கே இல்லை. எடுத்தவர்கள் யாரும் எடுத்ததாக அவளிடம் சொல்லவில்லை.

ஊர் அவள்மேல் கோபப்படவில்லை. கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது மனத்தாங்கல். எங்கள் ஜனங்களின் மனத்தாங்கல் மரியாதையாக இருக்கும், அதனாலேயே வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். சர்ச்சில் "நல்லாயிருக்கியா" என்பார்கள். அவள் "இருக்கேன்" என்பாள். அதோடு சரி. அவள் தானியக் கிடங்குக்குக் கோதுமை கொண்டுபோனால் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காபிக் கோப்பைக்குள் பார்ப்பார்கள். பெண்களின் தையல் வட்டம் எந்த வீட்டில் கூடுகிறது என்று அவளுக்குச் சொல்ல எல்லோருக்கும் மறந்துபோனது. "அவளுக்கெங்க நேரம், அவதான் இப்ப விவசாயி ஆச்சே" என்று ஒருத்தி அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

வேலை அவளுக்குப் புதிதல்ல, அதனால் வேலை அவளை ஒன்றும் செய்யவில்லை. குளிர்காலம்தான் செய்தது. பனி வேலிக்கம்பி மட்டத்துக்கு ஏறிவிட்டால் பார்ப்பதற்கு வெள்ளையைத் தவிர எதுவும் கிடையாது. மேஜையில் எதிர் நாற்காலி காலியாக இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஊரை ஏமாற்றினது சிரிப்பாக இருந்தது. தனியாக இருந்து அதையே நினைத்துக்கொண்டால் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் அவள் தன் பேரைத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள், குரல் இன்னும் வேலை செய்கிறதா என்று.

அந்தக் காலத்தில் ஏழெட்டு வீட்டுக்கு ஒரே போன் கம்பி. யார் வீட்டுக்கு அழைப்பு என்று மணி அடிக்கிற விதத்திலேயே தெரியும். தோரா வீட்டுக்கான மணி அடிப்பது நின்றே போயிருந்தது. அவள் மற்றவர்களின் மணி அடிக்கும்போது ரிசீவரை மெதுவாக எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்பாள். யார் வீட்டில் பசு கன்று போட்டது, யார் மகனுக்கு அம்மை, ஊறுகாய்க்கு எவ்வளவு வினிகர். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனுஷக் குரல் அல்லவா? ஊறுகாய்க்கு வினிகர் அவ்வளவு ஊற்றக் கூடாதே என்று அவளுக்குச் சொல்லத் துடிக்கும். மூச்சுக் காட்டாமல் இருப்பாள்.

அப்படிக் கேட்டுத்தான், இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆகஸ்டு மாதத்தில், கேலனுக்கு நடந்தது அவளுக்குத் தெரிந்தது. கேலனின் பண்ணை, தோராவின் நிலத்தை ஒட்டிய குட்டைக்கு அந்தப்பக்கம். நடுத்தர வயதுக்காரர், ஆள் பாறை மாதிரி. மாட்டுக்கொட்டகையிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். பேச்சும் போய்விட்டது. மனைவி ஆர்டிஸ், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள்.

"பாவம் ஆர்டிஸ்," என்று மேவிஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, தேவைக்கு மேலேயே சத்தமாக, "வெள்ளிக்கிழமை காலைல, பனி காஞ்சதும்" என்றாள். கம்பியில் இன்னொரு காது இருப்பது தெரிந்துதான் சொன்னாளா என்று தோரா நாள் முழுக்க யோசித்தாள். மேவிஸ் அப்படிப்பட்டவள்தான். அக்கறையாகவும் சொல்வாள், குத்துவதற்கும் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை தோரா தன் மிஷினை ஓட்டிக்கொண்டு போனாள். சாலையில் அது ஆமை வேகம். போய்ச் சேரும்போது மற்றவர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வீட்டை ஒட்டிய பெரிய வயலில் மிஷின்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று படிக்கட்டு மாதிரி விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தன. ஓர்லின் இறங்கி வந்தார்.

"பொம்பளைங்க எல்லாம் உள்ள இருக்காங்க, தோரா."

"நான் பலகாரம் சுட்டுக் கொண்டு வரல. மிஷின் கொண்டு வந்திருக்கேன்."

"உனக்கு நாங்க செய்யக் கூடாது. நீ மட்டும் அடுத்தவங்களுக்குச் செய்யலாமா?"

நியாயமான கேள்விதான். "கேலனுக்குத்தானே செய்யறேன்" என்று மட்டும் சொன்னாள் தோரா. ஓர்லின் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். பிறகு வரிசையின் கடைசியைக் கையால் காட்டினார். முன்னால் போகிற எல்லா மிஷினின் தூசியும் வந்து விழுகிற இடம் அது. தோரா அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள். மதியம்வரை அவள் ஒரு கதிர்கூட விடவில்லை. ஓர்லின் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் ஒருத்தி இப்படி ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. கேட்கவில்லை. எங்கள் ஆண்கள் கேட்க மாட்டார்கள்.

மதியம் மரத்தடியில் பலகைகளை முட்டுக்கொடுத்து மேஜை போட்டிருந்தார்கள். முதல் பந்தி ஆண்களுக்கு. பரிமாறுவது பெண்கள், அவர்கள் அப்புறம் உள்ளே சாப்பிடுவார்கள். தோரா தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு மேஜைப் பக்கம் வந்தாள். பெஞ்சில் யாரும் நகரவில்லை. வேண்டுமென்றே என்றும் சொல்ல முடியாது. பெண் ஒருத்தி அங்கே உட்காருவாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மேவிஸ் கிழங்குச் சட்டியோடு கடந்து போகும்போது, "எங்களோட உள்ள வந்து சாப்பிடு" என்றாள். உள்ளே போகலாம்தான். வாசல்வரை போனாள். அங்கே இருந்தவர்கள் சட்டென்று பேச்சை மாற்றியது கேட்டது. தலையிலிருந்து கால்வரை தூசியோடு அந்தச் சுத்தமான சமையலறைக்குள் எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வயலுக்கே நடந்து, மிஷினின் பெரிய சக்கரத்து நிழலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அத்தனை பேர் குரல் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு அழுவது, பனிக்காலத்தில் தனியாக அழுவதைவிட மோசமாக இருந்தது.

அப்போது ஆர்டிஸ் ஒரு தட்டோடு அறுத்த வயலின் தாள்கட்டைகளை மிதித்துக்கொண்டு வந்தாள். தட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நேத்து ஓர்லின் வந்திருந்தார். நிலத்தை அவர் பாத்துக்கறாராம். சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு வீடு காலியாகுதாம். கேலனைக் கவனிக்க அதுதான் வசதிங்கறார்."

"கேலன் என்ன நினைக்கிறார்?"

"பேச்சு இல்லையே. கண்ணுல தண்ணி வருது. அது சரிங்கறதா, வேண்டாங்கறதான்னு எனக்குத் தெரியல."

"நீ என்ன நினைக்கிற?"

"என்னை யாரும் கேக்கல." ஆர்டிஸ் அறுத்துக்கொண்டிருக்கிற வயலைப் பார்த்தாள். "நீங்க அன்னிக்கு எப்படிச் சொன்னீங்க? என்ன வார்த்தை சொன்னீங்க? அதை மட்டும் சொல்லிக் கொடுங்க."

குட்டைக்கு அந்தப்பக்கம் ஒருத்தி இருந்தால் எப்படி இருக்கும் என்று தோராவுக்குள் ஒரு பேராசை எழுந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை, ஆனாலும் சாயங்காலம் விளக்கு தெரிகிற தூரம். 'ஒண்ணும் ஆகாது, துணிஞ்சு சொல்லிடு' என்று சொன்னால் இந்தப் பெண் சொல்லிவிடுவாள். வாய்வரை வந்த அந்தப் பொய்யை அவள் விழுங்கினாள்.

"வேண்டாம்னுதான் சொன்னேன். வேற வார்த்தை எதுவுமில்ல. ஆனா அதுக்கப்புறம் என் வீட்டு வாசல்ல ஒரு கார்கூட வந்து நிக்கல. நான் மத்தவங்க போன்ல பேசறதை ஒட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஆர்டிஸ், ஒரு பேச்சுச் சத்தம் கேக்கறதுக்காக. என் பேரை நானே கூப்பிட்டுப் பாத்திருக்கேன். உனக்குப் பொண்ணுங்க இருக்கு. அதுங்களையும் பள்ளிக்கூடத்துல ஒதுக்குவாங்க. நிலம் இருக்கும். மனுஷங்க இருக்க மாட்டாங்க."

"மறுபடியும் கேட்டா என்ன சொல்வீங்க?"

தோரா தட்டிலிருந்த கடைசிக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டாள். "வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா அழுதுட்டே சொல்வேன். அன்னிக்கு அழல."

ஆர்டிஸ் வெறும் தட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். போய்விட்டாள், பயமுறுத்தி அனுப்பிவிட்டேன் என்று தோரா நினைத்தாள். தன் கையாலேயே தன் வாயில் மண் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. எழுந்து கையுறையை மாட்டினாள்.

மரத்தடியில் சத்தம் நின்றிருந்தது. தோரா திரும்பிப் பார்த்தாள். ஆர்டிஸ் வீட்டுக்குள் போகவில்லை. மேஜையின் தலைமாட்டில், ஓர்லின் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்பது இங்கே கேட்கவில்லை. குட்டைப் பக்கத்து வயலை நோக்கிக் கையை நீட்டினாள். தலையை ஒரு முறை ஆட்டினாள், இல்லை என்கிற மாதிரி. ஓர்லின் ஏதோ சொன்னார். அவள் மறுபடியும் ஆட்டினாள். பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள்.

சற்று நேரத்தில் ஓர்லின் தோராவை நோக்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"வீட்டு வயலோட நிறுத்திக்கணுமாம். குட்டைப் பக்கத்தை அவளே அறுத்துக்குவாளாம். உன் வேலையா இது?"

"இல்ல. அவ வேலை."

"அந்தப் பொண்ணு மிஷின் மேல ஏறினதே இல்ல, தோரா." அவர் குரல் உடைந்தது. "நாங்க என்ன கெடுதல் செய்யவா வந்தோம்?"

தோரா அவரை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். வயதாகிவிட்டிருந்தது அவருக்கு. சொந்தக் கோதுமை வயலில் முற்றி நிற்க, விட்டுவிட்டு வந்திருக்கிற மனுஷர். "இல்ல, ஓர்லின்," என்றாள். "நீங்க கெடுதல் செய்யல." அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தன் மிஷினுக்குப் போனார்.

வீட்டு வயலை அவர்கள் குறை வைக்காமல் முடித்துக் கொடுத்தார்கள். பிறகு மிஷின்களும் கார்களும் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிச் சாலைக்கு ஏறின. ஆர்டிஸ் வாசற்கம்பத்தின் அருகே நின்று ஒவ்வொருவருக்கும் கையசைத்தாள். காலையில் தோளைத் தட்டிக்கொடுத்தவர்கள் இப்போது சாலையைப் பார்த்தபடி ஓட்டினார்கள். மேவிஸின் கார் கொஞ்சம் வேகம் குறைந்தது, அப்புறம் அதுவும் போனது. ஆர்டிஸ் தூக்கிய கையை இறக்காமலேயே நின்றாள். தோரா வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கடைசிக் காரின் புழுதி அடங்கியது. பிறகு ஆர்டிஸ் கேட்டாள்: "எப்பவும் இப்படியேதான் இருப்பாங்களா?"

"ஆமா," என்றாள் தோரா.

ஆர்டிஸ் கையை இறக்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கேலனோட மிஷின் பெரிய கொட்டகையில நிக்குது," என்றாள். "வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே பாத்துடலாம்."